எதிர்ப்பக்கம் நிற்பவர்

ஓட்டல் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அவர் ஓட்டலுக்குள் போக மாட்டார். எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார். பெட்டிக்கடை நிழலோ, பஸ் ஸ்டாப்போ, இறக்கிவிட்ட ஷட்டர் ஒன்றோ இருந்தால் போதும். தோள்பையிலிருந்து பூப்போட்ட மடக்குக் குடையை எடுத்து விரிப்பார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போகிறவர்களை அவர் கண்டுகொள்வதே இல்லை. வெளியே வருகிறவர்கள்தான் கணக்கு.

"உள்ள போறவன் எல்லாரும் ஒரே மாதிரிதான்டா இருப்பான். பசியில மூஞ்சி எல்லாம் ஒண்ணு. வெளிய வரும்போது பாரு, ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவான்."

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் நிர்வாகப் பிரிவு என்றால் அவர்தான். வண்டி ஏற்பாடு, அடையாள அட்டை, காபி மெஷினுக்குப் பால், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக், டீம் லஞ்ச் என்றால் ஓட்டல் எல்லாம் அவர் பொறுப்பு. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் அதட்டி ஆங்கிலத்தில் நன்றி சொல்லி முடிப்பார். எல்லாரும் மேடம் என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். என் வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. சொந்தமாகப் பிழை செய்வது என் சுபாவம். இரண்டையும் ஒரே ஆள் பார்ப்பதால் கம்பெனிக்கு லாபம் என்று அவர்தான் சொல்லுவார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் டீம் லஞ்சுக்கு ஓட்டல் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். விடிய விடிய உட்கார்ந்து, போனில் இருக்கிற நட்சத்திரங்களையெல்லாம் எண்ணி, ஓர் அட்டவணை போட்டு, வண்ணம் தீட்டி அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"இன்னாடா இது, ஜாதகமா?" என்றார்.

"ரேட்டிங் அக்கா. நாலரை ஸ்டார்."

"யாரு குடுத்தா?"

"ஜனங்கதான்."

"அந்த ஜனங்க மூஞ்சியப் பாத்தியா நீ?"

அன்று மதியமே என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த நாலரை நட்சத்திர ஓட்டலுக்கு எதிரே நிறுத்தினார். வெயில் மண்டையைப் பிளந்தது. குடை அவருக்கு மட்டும்தான்.

அங்கேதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. வெளியே வந்ததும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பெல்ட்டை ஒரு துளை தளர்த்துகிறவன், சாப்பாடு நன்றாக இருந்தது என்று சத்தியம் பண்ணுகிறான். வந்த வேகத்தில் சோடா கேட்கிறவனை நம்பக் கூடாது. அவன் வீட்டிலிருந்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வந்திருப்பான். புருஷன் பெண்டாட்டி உள்ளே போகும்போது சேர்ந்து போய், வெளியே வரும்போது அவள் பத்தடி முன்னால் வந்தால், பரிமாறுவதற்குத் தாமதம் ஆகியிருக்கிறது. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டு வந்தால் சோறு குழைவாக இருந்திருக்கிறது.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு" என்றார். "படியிறங்கி நாலு அடி நடந்த பிறகு ஒருத்தன் நின்னு திரும்பி போர்டைப் பாப்பான். பாத்திருக்கியா? மறுபடி வரணும்னு பேரைப் படிச்சு வெச்சிக்கிறான். அப்படி ஒருத்தன் கெடச்சா போதும், கண்ண மூடிக்கிட்டு புக் பண்ணலாம்."

நாலரை நட்சத்திரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டல் மேனேஜர், நாங்கள் ஏதோ இலாகாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போல, சாலையைக் கடந்து பவ்யமாக வந்து நின்றார்.

"மேடம், ரொம்ப நேரமா பாக்கறீங்க. ஏதாவது பிராப்ளமா?"

"உன் கஸ்டமர் ஒருத்தன்கூட சந்தோஷமா வெளிய வரலையேப்பா. ஏன்?"

நான் செருப்பைக் கையில் எடுத்து ஓடுவதற்குத் தயாரானேன். ஆனால் மேனேஜரின் முகம் தொங்கிப்போனது. "குக்கு ஊருக்குப் போயிட்டான் மேடம். ஒரு வாரமா நானே தாளிக்கிறேன்" என்றார், ஃபாதரிடம் பாவமன்னிப்புக் கேட்பவரைப் போல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் ஒட்டுமொத்தப் பேருக்கும் சோறு போடும் இடத்தை முடிவு செய்த அவர், எந்த ஓட்டலிலும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதோ வயிற்றில் பெரிய ஆபரேஷன். அதிலிருந்து காரம், எண்ணெய், மசாலா ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதம் வரும். அதையும் பாதி சாப்பிட்டுவிட்டு மூடிவிடுவார். டீம் லஞ்சுக்கும் வருவார்; டப்பாவோடு. நாங்கள் கோழிக்காலோடு மல்லுக்கட்டுவதைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்பாடா, ரொம்பிடிச்சு" என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது ஏதோ நகைச்சுவை என்று சிரித்தேன். பிறகு ஒருநாள் அவர் முகத்தைக் கவனித்தேன். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் ஓட்டலோடு நிற்கவில்லை. மேலாளர் அறையிலிருந்து சம்பள உயர்வுப் பேச்சு முடிந்து வருகிறவர்களையும் அவர் இடத்திலிருந்தே அளந்துவிடுவார். "இன்னிக்கு நீ போகாத. போன மூணு பேரும் நேரா தண்ணி குடிக்கப் போனாங்க. நாளைக்கி வெச்சிக்கோ" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் பூசைக்கு உள்ளே போவாராம். கொட்டாவி அதிகமாக இருந்தால், பிரசங்கம் முடிகிற நேரமாகப் பார்த்து நுழைவார். "ஃபாதருக்குத் தெரியாதா அக்கா?" என்று கேட்டேன். "தெரியும். அவரே என்னைப் பாத்துத்தான் மொதப் பூசைப் பிரசங்கம் நல்லா இருந்துச்சா இல்லையான்னு தெரிஞ்சிக்கிறாரு" என்றார்.

அவர் பேச்சைக் கேட்டு நான் ஒரு பல் டாக்டரை இப்படித் தேர்ந்தெடுக்கப் போனது தனிக் கதை. வெளியே வந்த அத்தனை பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பல் இன்னும் இருக்கிறது, வலியோடு.

சரி, என் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

என் மாமனாருக்கு ஊர் திருப்பத்தூர். மரக்கடை வைத்திருந்தார். மகள் தானாகப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம். மகள் பார்த்த அந்த ஆளை எனக்கும் தெரியும் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு வந்தார், பந்திக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பொம்மனஹள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். நாற்காலி நுனியில் உட்காருவார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால், "வர்றப்பவே ஆச்சு" என்று ஒரே பதில். என்னிடம் நேராகப் பேசியதும் இல்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும். "உங்க வீட்டுக்காரரை ஃபேன் போடச் சொல்லும்மா." சுவிட்ச் என் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இப்படி இருக்கும்போது என் மனைவி வனிதாவுக்கு முப்பதாவது பிறந்தநாள் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை, கம்மல் என்று எதிர்பார்த்து மனதுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா உன்கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

கம்மல் சுலபமாக முடிந்திருக்கும்.

வீட்டில் என்றால் அவர் சாப்பிட மாட்டார். அதனால் எங்காவது வெளியே இரண்டு நாள் போவது, போகிற இடத்தில் பொதுவாக ஓட்டலில் சாப்பிடுவது என்று யோசனை செய்தோம். எங்கே போவது? பெங்களூருக்கே போகலாம் என்று முடிவாயிற்று. சிரிக்காதீர்கள். பொம்மனஹள்ளியில் இருப்பவனுக்குக் கன்டோன்மென்ட் என்பது வெளியூர்தான். நடுவில் வண்டிகள் நகராத சில்க் போர்டு சந்திப்பு இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிற நேரத்தில் வேலூர் போய்விடலாம். ஆகவே கன்டோன்மென்ட் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு அறை எடுத்தேன். மாமனாரும் மாமியாரும் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவார்கள். நாங்கள் முதல்நாளே போய்த் தங்கி அவர்களை எதிர்கொள்வோம். பிறந்தநாள் அந்தச் சனிக்கிழமைதான். மதியச் சாப்பாடு எங்கே என்பதுதான் என் தலையெழுத்தை எழுதப் போகிற கேள்வி.

அக்காவிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போட்டோ காட்டு" என்றார். கல்யாண ஆல்பத்தில் மூலையில் கைகட்டி நிற்கும் மாமனாரைப் பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தாளு கோவக்காரர் இல்லடா. வெக்கப்படறாரு. ஒரு தடவ சாப்பிட மாட்டேன்னு சொல்லிட்டாரு, இப்ப எப்பிடி சாப்பிடறதுன்னு தெரியல. சரி, அவருக்கு என்ன பிடிக்கும்?"

"ஆட்டுக்கறின்னா உசிர விட்டுருவாருன்னு வனிதா சொல்லுவா. அதுலயும் தலைக்கறி."

"அப்ப பிரியாணி வேணாம். ஆம்பூர் பக்கத்து ஆளக் கூட்டிட்டு வந்து இங்க பிரியாணி போட்டா, எழுந்து போயிருவாரு."

இரண்டு சனிக்கிழமை அவரும் நானும் சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் என்று ஒவ்வோர் ஓட்டலுக்கும் எதிரே தவம் கிடந்தோம். கடைசியில் ஓரிடம் கிடைத்தது. அங்கிருந்து வந்த ஆண்கள் எல்லாருமே பெல்ட்டில் கை வைத்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் படியிறங்கி, நாலடி நடந்து, நின்று, திரும்பி, போர்டைப் பார்த்தார். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "புக் பண்ணுடா!"

புக் செய்தேன். மூலை மேசை. தலைக்கறி முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வனிதாவிடம் ஓட்டல் பெயரைச் சொல்லவில்லை, இன்ப அதிர்ச்சி. பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டில் சாம்பார், ரசம், பொரியல் என்று வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட முட்டை இல்லை. என் மேல் ஏதோ கோபம் போல என்று நினைத்து, மூச்சுவிடாமல் சாப்பிட்டு எழுந்தேன். பிழை கண்டுபிடிப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்பதை இங்கே மறுபடி நினைவூட்டுகிறேன்.

சனிக்கிழமை காலை கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. முதலில் மாமியார் இறங்கினார். பின்னால் மாமனார். நெற்றியில் தலைமுடி தொடங்கி மூக்கு வரை பளிச்சென்று நாமம். கழுத்தில் துளசி மணி. கையில் மூடி போட்ட சொம்பு.

"இன்னிக்கு மொத சனிக்கெழம இல்ல? விடிகாலமே பெருமாளுக்குத் தளிகை போட்டுட்டுத்தான் கெளம்பினோம்" என்றார் மாமியார் மகளிடம். "உங்கப்பா அதுக்கப்புறம் பச்சத் தண்ணிகூட குடிக்கல."

புரட்டாசி.

தமிழ்நாட்டில் இருந்தால் இதை மறக்க வழியே இல்லை. கறிக்கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். பஸ்ஸிலும் தெருவிலும் கோவிந்தா கோவிந்தா என்று காதில் விழும். எங்கள் தெருவிலோ கறிக்கடை வாசலில் வரிசை நின்றது. கன்னடக்காரர்களின் மாதக் கணக்கு வேறு. அவர்களுக்குப் புரட்டாசி என்று ஒன்றே கிடையாது. அந்த ஊரில் இத்தனை வருடம் இருந்து எனக்கும் இல்லாமல் போயிருந்தது. பெருமாளுக்கு விரதம் இருக்கும் மனிதருக்கு, புரட்டாசி முதல் சனிக்கிழமை, மத்தியானம், தலைக்கறி சொல்லி வைத்திருக்கிறேன். இந்தப் பிழையைச் செய்ய ஒரு தமிழன் பெங்களூரில் வந்து குடியேறியிருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம், வண்டி எங்கன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்று டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் ஓடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். பிறகு, "ஏசப்பா, எனக்கும் தோணலையே! நம்ம தவக்காலம்னா ஞாபகம் இருந்திருக்கும்" என்றார். "பேஜார் ஆவாத. ஹலசூருக்குக் கூட்டிட்டுப் போ. மார்க்கெட்டுக்குப் பின்னாடி சந்துல ஒரு சைவ மெஸ் இருக்கு. பச்ச பெயின்ட் கதவு."

"நல்லா இருக்குமா அக்கா? சாப்பிட்டிருக்கீங்களா?"

"நான் எதுக்குச் சாப்பிடணும்? மார்க்கெட்டுக்குப் போறப்ப எல்லாம் மூஞ்சியப் பாத்திருக்கேன். வருஷா வருஷம் இந்த மாசத்துல நாமம் போட்டவங்களா வந்து ரொம்புவாங்க. வெளிய வந்து ஒவ்வொருத்தரும் திரும்பிப் பாப்பாங்கடா. போ, ஜல்தி!"

விடுதியில் பைகளை வைத்துவிட்டு, மத்தியானம், அவர் உள்ளே கால் வைத்தே இராத ஓட்டலை நம்பி என் இல்லற வாழ்க்கையை டாக்சியில் ஏற்றினேன்.

முன் இருக்கையில் நான். பின்னால் மூவரும். வண்டி நகர்ந்ததும் என் போன் அடித்தது. கறி ஓட்டல்காரர். அவர் குரல் போனில் பேசுகிற குரல் இல்லை, சந்தையில் பேசுகிற குரல். போனைக் காதோடு எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முழுக்கக் கேட்டது.

"சார், தலெ மாம்ஸ ரெடி இதெ! எஷ்டு ஜன பர்தீரா?"

தலைக்கறி தயார், எத்தனை பேர் வருகிறீர்கள் என்கிறார். நல்லவேளை, கன்னடம். நானும் கன்னடத்திலேயே, ஆபீஸ் விஷயம் பேசுகிற முகத்தை வைத்துக்கொண்டு, "இவத்து பேடா சாமி, தலெ பேடா, ஏனூ பேடா. மனேல பூஜெ இதெ" என்று கெஞ்சினேன். இன்றைக்கு வேண்டாம், எதுவுமே வேண்டாம், வீட்டில் பூஜை. அவர் விடவில்லை. இவ்வளவு நல்ல தலை மறுபடி கிடைக்காது என்றார். என் தலையைப் பற்றி எனக்கும் அதே கவலைதான் என்று சொல்ல நினைத்து, வைத்துவிட்டேன்.

"யாருங்க?" என்றாள் வனிதா. அப்பா முன்னால் 'நீ' போய் 'ங்க' வந்துவிடும்.

"ஆபீஸ். ஒரு மீட்டிங்க கேன்சல் பண்ணேன்."

கண்ணாடியில் மாமனார் முகம் தெரிந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் லேசாக ஆடியது போல இருந்தது. ரோட்டில் பள்ளம் என்று நினைத்தேன்.

மெஸ் என்றால் நீளமான ஒரு கூடம். கடப்பைக்கல் மேசைகள். உள்ளே நாமக்கூட்டம். எங்கள் நாலு பேருக்கும் ஒரு மேசை கிடைத்தது. எனக்கும் மாமனாருக்கும் நேர் எதிரெதிரே இடம். இலை போட்டார்கள். மாமியார் இலையைத் துடைத்தார். வனிதா துடைத்தாள். நான் துடைத்தேன். மாமனார் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்புடுங்கம்மா" என்றார் மகளிடம். "எனக்கு ஒரு மோர் போதும். வெளியில நான் சனிக்கெழமையில..."

வனிதா இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவள் மூக்கு நுனி சிவக்க ஆரம்பித்தது. எனக்கு அந்த மூக்கு தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் முப்பது வயதுக்காரி அழப்போகிறாள், பிறந்தநாள் அதுவுமாக, பொது இடத்தில்.

"ஒரு வாய் சாப்புட்டா என்னாங்க, கொழந்த ஆசப்படுது" என்றார் மாமியார். மாமனார் மோர் வருகிறதா என்று பார்த்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அக்கா சொன்னது சரி. அந்த முகத்தில் கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் இருந்தார்.

அப்போது சமையல்கட்டுக் கதவு திறந்தது. மெஸ்காரர் ஒரு பெரிய பித்தளைத் தூக்கோடு வெளியே வந்து, கூடத்தின் நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஏடுகொண்டலவாடா! வெங்கட்ரமணா!"

கூடமே திரும்பக் கத்தியது. "கோவிந்தா! கோவிந்தா!"

அதில் மிகப் பெரிய சத்தம் எனக்கு நேர் எதிரிலிருந்து வந்தது. மாமனார். கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேல் தூக்கி. பழக்கம். அந்தச் சத்தத்தை அவராலேயே நிறுத்தியிருக்க முடியாது. மெஸ்காரர் வரிசையாக ஒவ்வொரு இலையிலும் தூக்கிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டு வந்தார். மாமனார் இலையில் வைத்தபோது, "பெருமாளுக்குப் படைச்சது சாமி" என்றார்.

படைத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாமனார் பொங்கலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு இலையின் ஓரத்தை ஒருமுறை துடைப்பதுபோல் தடவினார். பொங்கலை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

நான் மூச்சு விட்டேன். அதுவரை விடாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் வனிதாவும் விட்டாள்.

பிறகு புளியோதரை வந்தது. சாப்பிட்டார். சாதம், சாம்பார் வந்தது. மெதுவாகச் சாப்பிட்டார். ரசம் வந்தபோது கையைக் குழித்து வாங்கி உறிஞ்சினார். இரண்டாம் தடவை அவரே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். நான் என் இலையைப் பார்க்கவே இல்லை; எதிர் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மாப்ள" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாருடைய மாமனாரோ வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"உங்களத்தான் மாப்ள. அந்த அப்பளத்த இப்பிடித் தள்ளுங்க."

தள்ளினேன். அப்பளத்தை அவ்வளவு பக்தியோடு யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள். அவர் அதை ரசச் சோற்றில் நொறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, மாமியாருக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

"ஐப்பசி பொறக்கட்டும். அந்தத் தலைக்கறிய அப்ப பாத்துக்கலாம்."

எனக்கு ரசம் புரையேறியது.

"உங்களுக்கு... கன்னடம் வருமா மாமா?"

"காலம் பூரா ஷிமோகாவுல மரம் எடுத்தவன் மாப்ள நான். பேடா தெரியாதா?" மீசை மறுபடி ஆடியது. இந்தத் தடவை பள்ளம் எதுவும் இல்லை. "வண்டியில நீங்க கெஞ்சின கெஞ்சு இருக்கே. பாவமா இருந்துச்சு."

வனிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம் என்பது மட்டும் புரிந்தது. மூக்குச் சிவப்பு இறங்க ஆரம்பித்தது. பாயசம் வந்தபோது என் இலையில் இருந்ததையும் சேர்த்து அவளே சாப்பிட்டாள்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சந்தின் எதிர்ப்பக்கம், பூக்கடையை ஒட்டி, பூப்போட்ட மடக்குக் குடை ஒன்று விரிந்திருந்தது.

அதன் கீழே அக்கா. லீவு நாளில், வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, தோள்பையோடு நின்றிருந்தார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதலில் மாமியார் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வனிதாவை, கொஞ்சம் அதிக நேரம். என்னைப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டார். என் முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை, அது வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று கிடந்திருக்கும். கடைசியில் மாமனாரிடம் வந்து நின்றார்.

மாமனார் படியிறங்கினார். துண்டால் வாயைத் துடைத்தார். நாலடி நடந்தார். நின்றார். நான் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். குடை ஆடாமல் நின்றது.

மாமனார் திரும்பினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பச்சைக் கதவுக்கு மேலே இருந்த போர்டை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படித்தார்.

எதிர்ப்பக்கம் அக்கா வயிற்றை ஒரு தடவு தடவிக்கொண்டார். குடையை மடக்கினார். கை காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்று மகனோடு வேறு ஊருக்குப் போனார். நானும் கம்பெனி மாறினேன். இப்போதும் புது ஓட்டல் என்றால் நான் முதலில் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறேன். காவலாளிகள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வருவது அந்தச் சந்தும், ஆட்டோவில் ஏறும் அவர் முதுகும்தான்.

மாமனாரும் அன்று அதைப் பார்த்துவிட்டார்.

"யாரு மாப்ள அந்தம்மா? நம்மளயே பாத்துக்கினு நின்னாங்க."

"எங்க ஆபீஸ்ல, தெரிஞ்சவங்க மாமா."

"அட, தெரிஞ்சவங்கன்னா உள்ள கூப்புட்டிருக்கலாம் இல்ல? ஒரு வாய் சாப்புட்டிருப்பாங்களே."

ஆட்டோ சந்து முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் சாப்பிட்டாங்க, மாமா" என்றேன்.